அக்கா கடை லேப்டாப்புக்கு கிங்ஸ்டன் ஏ400 எஸ்எஸ்டி போட்டு ரெண்டரை வருசம் ஆச்சு, எப்படி இருக்கு?

கும்பகோணத்துல எங்க அக்கா ஜெராக்ஸ் கடை வச்சிருக்காங்க, டிடிபி (கம்ப்யூட்டர்ல டைப் பண்ணி டிசைன் பண்றது) வேலை, ஆன்லைன் அப்ளிகேஷன் எல்லாம் பண்ணுவாங்க. கடைல இருக்கறது 2016ல வாங்குன லேப்டாப். ஐ3 5005யூ ப்ராசசர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. வாங்குனப்ப நல்லாத்தான் இருந்துச்சு, போகப் போக ஸ்லோ ஆகி 2023ல எந்த நிலைமைக்கு வந்துச்சுன்னா, அக்கா காலைல ஷட்டர தூக்குனதும் லேப்டாப்ப ஆன் பண்ணிட்டு வாசல் கூட்டி கோலம் போட்டுட்டு சாமி படத்துக்கு பூ வச்சுட்டு வந்து பாத்தா கூட அந்த நீல வட்டம் சுத்திட்டே இருக்கும்.

டிஎன்பிஎஸ்சி அப்ளிகேஷன் கடைசி நாள் அன்னிக்கு நான் கடைல இருந்தேன். ஏழெட்டு பேரு நிக்கறாங்க, ஒரு பொண்ணோட போட்டோவ கேபி கணக்குல சுருக்கணும், பெயிண்ட் தொறக்கவே ஒரு நிமிசம் மேல ஆச்சு, அதுக்குள்ள பிரவுசர்ல லாகின் போயிடுச்சு, மறுபடி ஓடிபி, மறுபடி மொதல்ல இருந்து. அந்த பொண்ணு கைல சர்டிபிகேட் கவர இறுக்கி பிடிச்சுகிட்டு மணிய பாத்துட்டே நிக்குது. "அக்கா ஆயிடுமா அக்கா"ன்னு மூணு தடவ கேட்டுச்சு. ஆயிடுச்சு, ஆனா அன்னிக்கு நைட்டே இத ஒரு வழி பண்ணியாகணும்னு முடிவு பண்ணேன்.

அதுக்கு முன்னாடியே ஒரு சர்வீஸ் கடைல அக்கா குடுத்து பாத்திருக்காங்க. பேரு வேணாம். அவங்க ஃபார்மட் அடிச்சு, விண்டோஸ் ப்ரோன்னு லைசென்ஸ் இல்லாத ஒரு க்ராக் வெர்ஷன போட்டு, கூடவே ரெண்டு ஆன்டிவைரஸ், ஒரு கிளீனர் சாப்ட்வேர் எல்லாம் ஏத்தி 800 ரூபா வாங்கிட்டாங்க. ஒரு வாரம் பரவால்லாம இருந்துச்சு, அப்பறம் பழைய கதை தான். ரெண்டாவது தடவ போனப்ப "மதர்போர்டு வீக் ஆயிடுச்சுக்கா, புதுசு வாங்கிடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. கடைல வர்ற வருமானத்துக்கு 35,000 ரூபா லேப்டாப்னா அது சின்ன விசயமா? மதர்போர்டுல ஒன்னுமே இல்ல. அத இப்ப வரைக்கும் அந்த லேப்டாப்பே நிரூபிச்சுகிட்டு இருக்கு.

அன்னிக்கு நைட்டு நான் பண்ணது ஒரே வேலை தான், டாஸ்க் மேனேஜர தொறந்து பெர்ஃபார்மன்ஸ் டேப்ல உக்காந்தேன். சிபியூ 12 சதவீதம். ரேம் 3 ஜிபிக்கு மேல, கொஞ்சம் டைட்டு தான். டிஸ்க் மட்டும் 100, எறங்கவே இல்ல. அதுலயும் கவனிச்சு பாக்கணும், டிஸ்க் 100 சதவீதம் பிஸின்னு காட்டுது, ஆனா கீழ ரீட் ஸ்பீடு பாத்தா செகண்டுக்கு 1.5 எம்பி தான். அதாவது ஹார்ட் டிஸ்க் பெருசா ஒன்னும் தூக்கல, அங்கயும் இங்கயும் ஓடியே களைச்சு போகுது. காத லேப்டாப் இடது பக்கம் வச்சா கர்ர் கர்ர்னு சத்தம் நிக்காம கேக்குது.

ஏன் அப்படின்னா அந்த ஹார்ட் டிஸ்க் நிமிசத்துக்கு 5400 சுத்து சுத்தறது. செகண்டுக்கு 90 சுத்து. ஒரு சுத்துக்கு 11 மில்லிசெகண்ட் ஆகும், வேணுங்கற டேட்டா முள்ளுக்கு கீழ வந்து சேர சராசரியா அதுல பாதி நேரம் காத்திருக்கணும், அதுக்கு முன்னாடி முள்ளு அந்த எடத்துக்கு நகரணும், அதுக்கு தனி நேரம். கூட்டி பாத்தா சின்ன சின்ன ஃபைலா கேட்டா செகண்டுக்கு நூறு தடவ கூட எடுத்து குடுக்க முடியாது. விண்டோஸ் 10 ஆன் ஆகறப்ப அப்டேட், டிஃபெண்டர் ஸ்கேன், சர்ச் இண்டெக்ஸ், சிஸ்மெயின் (அடிக்கடி தொறக்கற சாப்ட்வேர முன்னாடியே ரேம்ல ஏத்தி வைக்கற விண்டோஸ் சர்வீஸ்), ஒன்டிரைவ்னு எல்லாம் ஒரே நேரத்துல ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல கேக்குது. எஸ்எஸ்டின்னா ஹார்ட் டிஸ்க்குக்கு பதிலா போடறது, அதுல சுத்தறதும் இல்ல நகர்றதும் இல்ல, சிப்புல இருந்து நேரா எடுக்கறது, செகண்டுக்கு ஆயிரக்கணக்குல குடுக்கும். வித்தியாசம் இங்க தான் இருக்கு, பெட்டில எழுதியிருக்கற 500 எம்பி ஸ்பீடுல இல்ல.

சரி, பொருளுக்கு வரேன். நான் வாங்குனது கிங்ஸ்டன் ஏ400, 240 ஜிபி, 2.5 இன்ச் சாட்டா, அதாவது லேப்டாப் ஹார்ட் டிஸ்க் எடத்துலயே உக்கார்ற டைப். 2023 நடுவுல ரெண்டாயிரத்துக்குள்ள கெடச்சுது. இப்ப விலை ஏறியிருக்கு, வாங்கற அன்னிக்கு ரெண்டு மூணு எடத்துல கேட்டுக்கங்க. 7 எம்எம் தடிமன், கைல எடுத்தா வெயிட்டே தெரியாது, உள்ள ஒன்னும் இல்லயோன்னு அக்கா ஆட்டி பாத்தாங்க. கிங்ஸ்டன் சொல்ற கணக்கு ரீட் 500, ரைட் 350 எம்பி, மூணு வருச வாரண்டி, அழிச்சு அழிச்சு மொத்தமா 80 டெராபைட் வரைக்கும் எழுதலாம்னு போட்டிருக்காங்க.

மாட்டறது நெனச்ச அளவு கஷ்டம் இல்ல. லேப்டாப்ப ஆஃப் பண்ணி சார்ஜர கழட்டி, பேட்டரிய எடுத்துட்டு, அடி கவர் ஸ்க்ரூ எல்லாம் கழட்டுனோம். ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளம் இல்ல, அதனால ஒரு பேப்பர்ல லேப்டாப் அடிப்பக்கத்த படமா வரஞ்சு அந்தந்த எடத்துலயே ஸ்க்ரூவ குத்தி வச்சேன், இத மறக்காம பண்ணுங்க, நீள ஸ்க்ரூவ தப்பான எடத்துல முறுக்குனா மேல கீபோர்டு பக்கம் முட்டிக்கும். ஹார்ட் டிஸ்க் ஒரு தகர ஃப்ரேம்ல நாலு ஸ்க்ரூவோட இருக்கும், அதே ஃப்ரேம்ல எஸ்எஸ்டிய மாத்தி, சாட்டா கனெக்டர்ல நேரா தள்ளுனா டக்குனு உக்காந்துடும். கனெக்டர்ல இருந்து போற பட்டை ஒயர மட்டும் இழுக்காதீங்க, அது கிழிஞ்சா தனியா தேடி அலையணும். இருபது நிமிசத்துல வேலை முடிஞ்சுது.

விண்டோஸ காப்பி பண்ணி கொண்டு வரலாமான்னு யோசிச்சு வேணாம்னு விட்டுட்டேன், அந்த க்ராக்கும் குப்பையும் அப்படியே கூட வந்துடும். மைக்ரோசாஃப்ட் சைட்லயே மீடியா கிரியேஷன் டூல் ஃப்ரீயா குடுத்தாங்க, 8 ஜிபி பென்டிரைவ்ல ஏத்தி புதுசா போட்டேன். இங்க தான் மனசு வலிச்சுது. இன்ஸ்டால் பண்றப்ப கீ எதுவும் கேக்கல, அதுவா ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்னு எடுத்துகிட்டு நெட் கனெக்ட் பண்ணதும் ஆக்டிவேட் ஆயிடுச்சு. ஏன்னா லேப்டாப் வாங்குனப்பவே ஒரிஜினல் லைசென்ஸ் பயாஸ்ல (மதர்போர்டு சிப்புல) இருக்கு. காசு குடுத்து வாங்குன ஒரிஜினல் உள்ளயே இருக்கறப்ப அது மேல க்ராக்க போட்டு அதுக்கும் காசு வாங்கியிருக்காங்க. கடைல ஆதார், பேங்க் பாஸ்புக், மார்க்‌ஷீட்டுன்னு மத்தவங்க டாக்குமெண்ட்டா வந்து போற சிஸ்டம் அது. அதுல எவன் எழுதுனான்னே தெரியாத, லைசென்ஸ ஏமாத்தற ஆக்டிவேட்டர் ஓடிட்டு இருந்திருக்கு. இத படிக்கறவங்க செட்டிங்ஸ்ல போய் ஆக்டிவேஷன் பக்கத்த ஒரு தடவ பாத்துடுங்க.

ரிசல்ட். முன்னாடி பவர் பட்டன அமுக்குனதுல இருந்து பிரவுசர் தொறந்து டைப் பண்ற நிலைமைக்கு வர 4 நிமிசம் 10 செகண்ட், போன்ல ஸ்டாப்வாட்ச் வச்சு எடுத்தது. எஸ்எஸ்டி போட்டப்பறம் 24 செகண்ட். டிடிபி சாப்ட்வேர் பேஜ்மேக்கர் மூணு நாலு செகண்ட்ல வருது. பெயிண்ட் கிளிக் பண்ண ஒடனே நிக்குது. ப்ராசசர் அதே தான், ரேம் அதே தான். அக்கா மொத நாள் ரெண்டு தடவ ரீஸ்டார்ட் பண்ணி பாத்தாங்க, நெஜமா தானான்னு.

நாலு மாசம் கழிச்சு ரேமும் ஏத்துனோம். அப்ளிகேஷன் பக்கம், வாட்ஸப் வெப், பிடிஎஃப் நாலு தொறந்து வச்சா 4 ஜிபி பத்தல, எஸ்எஸ்டி வேகத்துல சமாளிச்சுதே தவிர லேசா தெணறுச்சு. காலியா இருந்த ஸ்லாட்ல இன்னொரு 4 ஜிபி போட்டு 8 ஆக்குனோம். இந்த ப்ராசசருக்கு டிடிஆர்3எல், 1.35 வோல்ட் ரேம் தான் எடுக்கும், டிடிஆர்4 வாங்கிட்டு வந்தா வெட்டு இருக்கற எடமே வேற, உள்ள போகாது. காசு ஒன்னுக்கு தான் இருக்குன்னா மொதல்ல எஸ்எஸ்டி, ரேம் அப்பறம். இந்த வரிசைய மாத்தாதீங்க.

செட்டிங்ஸ்ல பெருசா ஒன்னும் நோண்டல. ஸ்டார்ட்டப் டேப்ல தேவையில்லாதத டிசேபிள் பண்ணேன். விசுவல் எஃபெக்ட்ஸ்ல பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ் குடுத்துட்டு, எழுத்து ஓரத்த வழவழப்பா காட்டற ஒரு டிக்க மட்டும் விட்டு வைங்க, அது இல்லன்னா தமிழ் எழுத்து பல்லு பல்லா தெரியும், டிடிபி பண்றவங்களுக்கு கண்ணு போயிடும். ஆன்டிவைரஸ் தனியா எதுவும் போடல, கூடவே வர்ற டிஃபெண்டர் போதும். ரெஜிஸ்ட்ரி கிளீனர், டிரைவர் பூஸ்டர், ஸ்பீடப் பண்றேன்னு வர்ற எதையும் கிட்ட சேக்காதீங்க, எஸ்எஸ்டி போடறதுக்கு முன்னாடி இதெல்லாம் போட்டு பாத்தாச்சு, சிஸ்மெயின நிறுத்துனப்ப கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருந்துச்சு, மறுநாளே டிஸ்க் திரும்ப 100. இன்னொன்னு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் ஆன்ல இருந்தா ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸ் தன் உள் பாகத்த ஒரு ஃபைல்ல சேத்து வச்சுகிட்டு தான் தூங்கும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ ரீஸ்டார்ட் குடுங்க.

ஏ400ல எனக்கு புடிக்காததும் இருக்கு. இதுல டிராம் கேஷ் (எந்த டேட்டா எங்க இருக்குன்னு குறிச்சு வைக்கற தனி மெமரி) கெடயாது. ஒரு கல்யாண ஆல்பம் வேலைக்கு 40 ஜிபி வீடியோ, போட்டோ எல்லாம் காப்பி பண்ணப்ப ஆரம்பத்துல ஜம்முனு போச்சு, கொஞ்ச நேரத்துல 100 எம்பிக்கும் கீழ எறங்கிடுச்சு. உள்ள வேகமா எழுதறதுக்குன்னு ஒதுக்குன எடம் ரொம்பினா அப்படித்தான் ஆகும். அதோட ஏ400ங்கற ஒரே பேருல உள்ள வர்ற கண்ட்ரோலரும் சிப்பும் பேட்ச்சுக்கு பேட்ச் மாறுது, அதனால ஒருத்தருக்கு வந்த மாதிரியே இன்னொருத்தருக்கு வரும்னு சொல்ல முடியாது. வீடியோ எடிட்டிங், ஸ்டுடியோ வேலைன்னா இத வாங்காதீங்க. சாம்சங் 870 ஈவோ பக்கம் போங்க, அதுல டிராம் இருக்கு, அஞ்சு வருச வாரண்டி, 250 ஜிபிக்கே 150 டெராபைட் எழுதற கணக்கு. விலை கூட தான், அந்த வேலைக்கு அது நியாயமான விலை. எங்க கடை மாதிரி டைப்பிங், பிரவுசிங், பிரிண்ட்டுன்னா ஏ400 தாராளமா போதும்.

240 ஜிபி வாங்குனது தான் கொஞ்சம் அவசரம். 480 வாங்கியிருக்கலாம். எடம் நெரம்ப நெரம்ப எஸ்எஸ்டி மந்தமாகும், அதனால கால்வாசி எப்பவும் காலியா விட்டு வச்சிருக்கோம். பழைய ஹார்ட் டிஸ்க்க தூக்கி போடல, 300 ரூபாய்க்கு ஒரு யூஎஸ்பி 3.0 கேஸ் வாங்கி அதுல போட்டாச்சு, பழைய டிசைன் ஃபைல் எல்லாம் அதுல இருக்கு. டீஃப்ராக் மட்டும் எஸ்எஸ்டிக்கு பண்ண வேணாம், விண்டோஸ் அத எஸ்எஸ்டின்னு தெரிஞ்சுகிட்டு ட்ரிம் (அழிச்ச ஃபைல் எடத்த எஸ்எஸ்டிக்கு சொல்லி வைக்கறது) தானா ஓட்டிக்கும்.

போன மாசம் டிஸ்க் நிலைமைய காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாப்ட்வேர் போட்டு பாத்தேன், ஹெல்த் 93 சதவீதம் காட்டுது, மொத்தம் எழுதுனது 9 டெராபைட் சொச்சம். ரெண்டரை வருசத்துக்கு நல்ல கணக்கு. ஒரு தடவ கூட ஹேங் ஆகி நிக்கல. கோடைல மத்தியானம் கடைக்குள்ள வெக்கை தாங்காது, அப்பயும் ஒன்னும் ஆகல.

ஒரே கவலை விண்டோஸ் 10 தான். 2025 அக்டோபர் 14 ஓட சப்போர்ட் முடிஞ்சு போச்சு. விண்டோஸ் 11க்கு இன்டெல்ல எட்டாவது ஜெனரேஷன் வேணும், இது அஞ்சாவது. குறுக்கு வழில ஏத்தலாம்னு நெறய பேரு சொல்றாங்க, மத்தவங்க டாக்குமெண்ட் வர்ற சிஸ்டத்துல எனக்கு அது வேணாம். இப்போதைக்கு மைக்ரோசாஃப்ட்டோட ஈஎஸ்யூல (சப்போர்ட் முடிஞ்சப்பறமும் செக்யூரிட்டி அப்டேட் குடுக்கற திட்டம்) சேந்து 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் வர்ற மாதிரி பண்ணியாச்சு. விண்டோஸுக்கு பதிலா ஃப்ரீயா கெடைக்கற லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ இந்த லேப்டாப்ல பென்டிரைவ்ல இருந்தே ஓட்டி பாத்தேன், சூப்பரா இருக்கு, ஆனா அக்காவோட பேஜ்மேக்கரும் பாமினி, வானவில்னு பழைய தமிழ் ஃபான்ட்ல இருக்கற பத்து வருச அழைப்பிதழ் ஃபைலும் அங்க எப்படி வரும்னு இன்னும் டெஸ்ட் பண்ணிட்டு இருக்கேன். வீட்ல பிரவுசிங், படம் பாக்க மட்டும் பழைய லேப்டாப் வச்சிருக்கவங்க யோசிக்கவே வேணாம், எஸ்எஸ்டி மாட்டி மின்ட் போடுங்க.

ரேட்டிங் கேட்டா அஞ்சுக்கு நாலு. ஒன்னு கொறச்சது அந்த காப்பி ஸ்பீடுக்கு. வாங்கறதுக்கு முன்னாடி உங்க டாஸ்க் மேனேஜர்ல டிஸ்க் தான் 100ல நிக்குதான்னு பாத்துக்கங்க, சிபியூ 100ல நின்னா இது உதவாது. மாட்டுனப்பறம் பேக்கப் கண்டிப்பா எடுத்து வைங்க, ஹார்ட் டிஸ்க் சாகறதுக்கு முன்னாடி சில சமயம் சத்தம் போட்டாவது சொல்லும், எஸ்எஸ்டி பல சமயம் ஒன்னும் சொல்லாம போயிடும். அக்கா தெனமும் கடைய மூடறதுக்கு முன்னாடி அன்னிக்கு வேலைய அந்த பழைய ஹார்ட் டிஸ்க்ல காப்பி பண்ணிட்டு தான் ஷட்டர எறக்கறாங்க.