ஜுராசிக் பார்க் பின்பால்: ப்ரோவா, பிரீமியமா? கீழக்கரை உப்புக்காற்றில் 3 வருஷம்

வாங்கி ஒரு வாரத்தில் எழுதும் விமர்சனம் இல்லை இது. ப்ரோ மாடல் என் கேம் கடையில் 3 வருஷம் முடித்துவிட்டது. பிரீமியம் அதன் பக்கத்தில் வந்து நின்று 14 மாதம் ஆகிறது. கடைக்கும் கடலுக்கும் நடுவில் நாலு வீடும் ஒரு வலைக் குடோனும்தான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மெஷின் கண்ணாடியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும், அந்த அளவுக்குப் பக்கம்.

மெஷினைத் தெரியாதவர்களுக்கு: பின்பால் என்பது கண்ணாடிக்கு அடியில் சாய்வான பலகையில் ஓடும் எஃகுப் பந்தை, பக்கத்துப் பட்டனை அமுக்கி அடித்து ஆடும் மெஷின். ஜுராசிக் பார்க் படத்தை வைத்து இதை அமெரிக்காவின் ஸ்டெர்ன் கம்பெனி 2019-ல் வெளியிட்டது. வடிவமைத்தவர் கீத் எல்வின். இவர் முதலில் பின்பால் போட்டிகளில் ஜெயித்துப் பெயர் எடுத்த ஆட்டக்காரர், பிறகுதான் மெஷின் வடிவமைக்க வந்தார். அது ஆடும்போது தெரிகிறது. ஒரு ராம்ப்பில், அதாவது சரிவுப் பாதையில், ஏற்றிய பந்து அடுத்த அடிக்குத் தோதாக ஃப்ளிப்பருக்கே (பந்தை அடிக்கும் துடுப்புக்கே) திரும்பி வரும். திரையில் ஓடுவது படத்தின் காட்சிகள் இல்லை, புதிதாக வரைந்த அனிமேஷன். படத்தை எதிர்பார்த்து வந்த சிலர் இதில் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை, பந்தைப் பார்ப்பவன் திரையை எங்கே பார்க்கப்போகிறான்?

மூன்று ரகம் உண்டு: ப்ரோ, பிரீமியம், எல்.இ. என்கிற லிமிடெட் எடிஷன். வெளியான காலத்து விலையில் ப்ரோ ஆறாயிரம் டாலர் சொச்சம், பிரீமியம் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு, எல்.இ. ஒன்பதாயிரத்துப் பக்கம். இப்போது எல்லாமே ஏறிவிட்டது. நம் ஊருக்கு வரும்போது கப்பல் கூலி, கிளியரிங், தூத்துக்குடியிலிருந்து லாரி என்று சேரும் செலவு எந்தப் பெட்டிக்கும் ஒன்றுதான், 110 கிலோவுக்கு மேல் எடை. சுங்க வரி மட்டும் விலையில் சதவீதமாகப் போடுவதால், டாலரில் பார்த்த வித்தியாசம் கீழக்கரை வந்து இறங்கும்போது இன்னும் வீங்கியிருக்கும். இதைக் கணக்குப் போடாமல் பிரீமியம் ஆசைப்படாதீர்கள்.

நான் ஷார்ஜாவில் ஒரு கேம் ஹாலில் 11 வருஷம் மெக்கானிக். ஊருக்குத் திரும்பும்போது கைக்கு எட்டிய ரகம் ப்ரோ. பிரீமியம் என் பெரியம்மா மகனுடையது. காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதை வாங்கி வீட்டு மாடியில் ஏசி போட்ட ஹாலில் வைத்திருந்தார், துணி போட்டு மூடி, கல்யாண வீட்டு பீரோ மாதிரி. அவர் திரும்ப துபாய் கிளம்பும்போது, "சும்மா கிடந்தா கெட்டுப்போகும், உன் கடையில வச்சுக்க, நாலு பேர் ஆடட்டும்" என்று அனுப்பிவிட்டார். அதனால்தான் ஒரே காற்று, ஒரே கரண்ட், ஒரே பிள்ளைகள் என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தது.

ஆட்ட விதிகளில் பெரிய வித்தியாசம் இல்லை. தடங்கள் கிட்டத்தட்ட ஒன்றுதான், சாஃப்ட்வேர் அப்டேட்டும் இரண்டுக்கும் வருகிறது. காசு எங்கே போகிறது என்றால் டி-ரெக்ஸ் டைனோசர் பொம்மையில். பிரீமியத்தில் அது தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, பந்தைக் கவ்வி, தூக்கி எறியும். ப்ரோவில் உள்ள டி-ரெக்ஸுக்கு அந்தப் பசி கிடையாது. மற்ற வித்தியாசங்களை நான் சொன்னால்தான் வாடிக்கையாளருக்குத் தெரியும், இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அது கவ்வுவதை ஒரு பையன் பார்த்துவிட்டால் போதும், அப்புறம் ப்ரோ பக்கம் திரும்பமாட்டான். ஏர்வாடி தர்காவுக்கு வந்துவிட்டு இப்படி ஒதுங்கும் குடும்பங்கள் ஒரு தடவைதான் வருவார்கள். அவர்களும் நேரே பிரீமியத்துக்குத்தான் போகிறார்கள். ஆட்டத்துக்குப் பத்து ரூபாய் கூட வைத்தும் பார்த்தேன், வரிசை குறையவில்லை.

ஆனால் தினமும் சாயங்காலம் வரும் நாலைந்து காலேஜ் பையன்கள் இருக்கிறார்கள், அவர்கள் ஆடுவது ப்ரோவில். காரணம் கேட்டேன். "அது பந்தப் புடிச்சு வச்சுக்கிட்டு சீன் போடுது காக்கா, கை ஆறிப்போயிடுது" என்றான் ஒருவன். சரிதான். நானே ஆளில்லாத மதியத்தில் ஆடுவதென்றால் ப்ரோவில்தான் நிற்கிறேன். பந்து நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

இனி உப்பு. 1914-ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று இது. 27 மில்லிமீட்டர் எஃகு பந்து எம்மாத்திரம்! ப்ரோ வாங்கிய முதல் வருஷம் லாத்தா (அக்கா) மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் கடையைப் பூட்டிவிட்டு, மெஷினையும் அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து திறந்தால், பந்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நின்ற இடத்தில் மிளகு அளவுக்குச் செம்புள்ளி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, நகத்தால் தடவினால் நறநற என்றது. அந்தப் பந்தை அப்படியே ஓடவிட்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பிளேஃபீல்ட் (பந்து ஓடும் பலகை) போய்விடும்.

பயந்துபோய் அடுத்த வாரம் பந்துகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்தேன். இதைப்போல முட்டாள்தனம் வேறு இல்லை. எண்ணெய் பிளேஃபீல்டில் கோடு கோடாக இழுத்து, தூசியைப் பிடித்து, ரப்பர் வளையங்களில் ஏறி, துடைத்து எடுக்க இரண்டு நாள் ஆனது. இப்போது வெளியூர் போவதென்றால் பந்துகளை எடுத்துத் துடைத்து, உம்மாவின் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலை உள்ளே போட்டு மூடிவிடுகிறேன். கேபினெட்டுக்குள் ஒரு 40 வாட் குண்டு பல்பு எரியும். அந்தச் சூட்டில் ஈரம் அண்டாது. சாதாரண நாளில் மெஷினை அணைப்பதே இல்லை, அது தன் சூட்டில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். கரண்ட் பில் ஏறுகிறது, ஏறட்டும்.

பிரீமியம் மாடியில் இருந்தவரை இந்தப் பிரச்சினை எதுவும் இல்லை. என் கடைக்கு வந்த ஐந்தாவது மாதம், ஞாயிற்றுக்கிழமை நல்ல கூட்டம், டி-ரெக்ஸ் பந்தைக் கவ்வியது, விடவில்லை. பந்தைக் காணோம் என்று மெஷின் தேட ஆரம்பித்து பந்தைத் தள்ளும் மின்சுருள்களை (காயில்) ஒவ்வொன்றாகப் படபடவென்று அடிக்கிறது, ஆடிக்கொண்டிருந்த ஏழு வயதுப் பையன் "வாப்பா, முழுங்கிருச்சு" என்று அழுகிறான், சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றி, பந்தை விரலால் நெம்பி எடுத்து, பையனுக்கு மூன்று கிரெடிட் சும்மா போட்டுவிட்டேன். ராத்திரி பிளேஃபீல்டைத் தூக்கிப் பார்த்தால், தலைக்குப் போகும் ஒயர் கனெக்டரில் பச்சையாகக் களிம்பு. தொட்டால் பொடியாக உதிர்ந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, திரும்ப மாட்டியதும் ஒழுங்காகக் கவ்வியது. கம்பெனியைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை, மன்னார் வளைகுடாவுக்கு என்று யாரும் மெஷின் செய்வதில்லை. ஆனால் அசைகிற பாகம் ஒன்று கூடினால், அதற்கு மோட்டார், ஒயர், கனெக்டர், சுவிட்ச் என்று உப்பு உட்கார நாலு இடம் கூடுகிறது. ப்ரோவில் அந்த இடங்களே கிடையாது. வேலைக்கு ஆள் வைத்துச் செய்வதென்றால் மதுரையிலிருந்துதான் வரவேண்டும், வந்தாலும் பின்பால் திறந்து பார்த்தவராக இருக்கமாட்டார்.

ஃப்ளிப்பர் தேய்மானத்தில் இரண்டும் ஒன்றுதான். அடி பலவீனமானால் ஃப்ளிப்பரை இயக்கும் காயில் ஸ்டாப், பிளஞ்சர், லிங்க் எல்லாவற்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள், ஒவ்வொன்றாக மாற்றினால் காசும் நேரமும் தண்டம். அப்புறம் தொதல், கையில் ஒட்டும் எங்கள் ஊர் இனிப்பு. வேறு எந்த ஊர்க்காரரும் இந்தப் பிரச்சினையை எழுதியிருக்கமாட்டார். கீழக்கரைப் பிள்ளைகள் தொதல் தின்ற கையோடு பட்டனை அமுக்குவார்கள், பட்டன் உள்ளே போய் மெதுவாக யோசித்து வெளியே வரும். வாசலில் ஒரு வாளித் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

எல்.இ. பற்றிக் கேட்பீர்கள். ஷார்ஜாவில் ஒருவர் வீட்டுக்குச் சர்வீஸுக்குப் போய் நன்றாகப் பழகியிருக்கிறேன். கண்ணாடி போல மின்னும் பேக்கிளாஸ் (மெஷின் தலையில் உள்ள படம்), வரிசை எண் போட்ட தகடு, மெஷினை அதிரவைக்கும் ஷேக்கர் மோட்டார், வெளிச்சம் எதிரொளிக்காத மேல் கண்ணாடி. ஆட்டம் பிரீமியத்தின் ஆட்டமே. ஷேக்கரைத் தனியாக வாங்கி ப்ரோவில் மாட்டிவிடலாம், நான் மாட்டியிருக்கிறேன். எண் போட்ட தகட்டுக்காகக் காசு கொடுப்பது சேகரிப்பவர் சமாசாரம், நமக்கில்லை. அதில் எனக்குப் பொறாமையாக இருந்த ஒன்று, பக்கச் சட்டங்களுக்கும் காலுக்கும் கொடுத்திருந்த பவுடர் கோட்டிங். அங்கே அது அழகுக்கு. இங்கே அதுதான் தோல். என் ப்ரோவின் கால்களையும் சட்டங்களையும் கழற்றி மதுரையில் கொடுத்து பவுடர் கோட்டிங் போட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பாகங்களில் ஒரு பொட்டுத் துரு இல்லை. பிரீமியத்தின் கால் போல்ட்டுகளில் இப்போதே பழுப்பு ஏறிவிட்டது.

வீட்டுக்கு வாங்குகிறீர்கள், கடல் சத்தம் கேட்கும் தூரம், ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பழக்கமில்லை என்றால் ப்ரோ. மிச்சக் காசில் ஒரு நல்ல ஸ்டெபிலைசர், இரண்டு செட் உபரிப் பந்து, மெழுகு. காசுக்கு ஆடவிடும் கடை, நீங்களே திறந்து பார்ப்பீர்கள் என்றால் பிரீமியம். கூட்டத்தை இழுப்பது அந்தத் தலைதான், அதை மறுத்துப் பேசினால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம்.

காக்கா போன வாரம் வீடியோ காலில் வந்தார். நலம் விசாரிப்பதற்கு முன்னால், "அது கவ்வுதா, காட்டு" என்றார். காட்டினேன். மூன்றாவது தடவைதான் கவ்வியது. வாடைக்காற்று தொடங்குவதற்கு முன்னால் அந்தக் கனெக்டர்களை எல்லாம் திரும்பக் கழற்றவேண்டும், இரண்டு நாள் கடை லீவு.