தகடூர் ஒரு நாள் சுற்றுலா: நடுகற்களுக்குக் கிடைத்த பதினைந்து நிமிடம்

சங்ககால மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரான தகடூரே இன்றைய தருமபுரி என்பதை வெளியூரிலிருந்து வந்த அக்கா குடும்பத்தாருக்குக் காட்ட விரும்பி, இங்குள்ள ஒரு வேன் நிறுவனம் நடத்தும் ஒரு நாள் சுற்றுலாவில் தலைக்கு 500 ரூபாய் கட்டிச் சென்று வந்தோம். வண்டி சுத்தமாக இருந்தது, ஓட்டுநர் நிதானமானவர். குறையெல்லாம் நேரத்தைப் பங்கிட்ட விதத்தில்தான்.

அதியமான்கோட்டையில் உள்ள அதியமான் கோட்டத்தில், ஔவைக்கு மன்னன் நெல்லிக்கனி அளிக்கும் சிலையின் முன் படம் எடுத்துக்கொள்ளவே ஒரு மணி நேரம் போயிற்று. அங்கே வழிகாட்டி ஆத்திசூடி பாடிய ஔவையாரையும் சங்ககால ஔவையாரையும் ஒருவராக்கிப் பேசினார். இருவருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் உள்ளன என்று நான் சொன்னதற்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

ஆனால், நகரில் நடுகற்கள் (போரில் இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்கள்) வைக்கப்பட்டுள்ள அருங்காட்சியகத்துக்கு ஒதுக்கியது பதினைந்தே நிமிடம். சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற தகடூரின் மதிலோ அரண்மனையோ இன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்நாளைய போர் வாழ்வை நமக்கு உணர்த்த எஞ்சியவை பாடல்களும், இம்மண்ணில் பின்னரும் தொடர்ந்த நடுகல் மரபுமே. ஆநிரை கவர்ந்தோரும் அதை மீட்டோரும் வில்லும் வாளுமாக நிற்கும் அக்கற்களின் முன்தான், அதியமான் இறந்தபின் ஔவை பாடிய புறநானூற்று 232ஆம் பாடலைச் சொல்லியிருக்க வேண்டும். மலைநாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன், நடுகல்லாகி, பீலி சூட்டிச் சிறு கலத்தில் உகுக்கும் கள்ளையா ஏற்பான் என்று கேட்கிறாள் அவள். அதை என் அக்கா மகனுக்கு நானே சொன்னேன்; முடிப்பதற்குள் வேனின் ஆரன் ஒலித்துவிட்டது.

1981இல் கண்டறியப்பட்ட, 'சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி' என்று தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் பெயர் பொறித்த ஜம்பைக் கல்வெட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் அதியமான் மரபினரே என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேறென்ன வேண்டும்?

தருமபுரி நகரில் உள்ள கோட்டைக் கோயிலில் மட்டும் மனம் நிறைந்தது. நுளம்ப அரசர் காலத்து மல்லிகார்ச்சுனர் கோயிலின் தூண் வேலைப்பாட்டையும், காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தில் சிறு சிறு சிற்பங்களாக ஓடும் இராமாயணக் காட்சிகளையும் வழிகாட்டி அவசரமின்றிக் காட்டினார். குனிந்து பார்க்க வேண்டிய சிற்பங்களுக்குக் கைவிளக்கும் கொண்டுவந்திருந்தார்.

ஐந்துக்கு இரண்டரை மதிப்பெண். அதில் ஒன்றரை கோட்டைக் கோயிலுக்கானது. முன்பதிவு செய்வோர், அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரமாவது தருவார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.