கூலன்ட் குறையுதா? பிரஷர் டெஸ்ட் போடாத ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விடாதீர்கள்

1,60,000 கிலோமீட்டர் தாண்டிய லக்ஸரி எஸ்யூவி என்னுடையது. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் குறைவதாக டேஷ்போர்டில் அடிக்கடி எச்சரிக்கை வந்ததால், இந்த ரக வண்டிகளுக்கே ஸ்பெஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போச்சு என்று மாற்றினார்கள். மறுபடி குறைந்தது. ரேடியேட்டர் அடைப்பு என்று அதையும் மாற்றினார்கள். பில் ஏறியதுதான் மிச்சம்.

அழுத்தம் ஏற்றிக் கசிவைக் கண்டுபிடிக்கும் பிரஷர் டெஸ்ட் போட்டீர்களா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் எதுக்கு சார், பார்த்தாலே தெரியும்" என்றார் சூப்பர்வைசர். பிறகு ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் வெப்பத்தைக் காட்டும் முள் சட்டென்று சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, வண்டியை டோ செய்து அவர்களிடமே கொண்டு போனால், "ஹெட் கேஸ்கெட் போயிருக்கு, எஞ்சினையே மாத்திடலாம்" என்கிறார்கள். ஹெட் கேஸ்கெட் என்பது எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீல்.

வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு அழுத்தம் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எஞ்சினுக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பைப்பின் இணைப்பில் கூலன்ட் முத்து முத்தாகக் கசிந்தது. கழற்றும்போதே விளிம்பு கையோடு நொறுங்கி வந்தது. வருடக்கணக்கில் சூடு பட்டால் பிளாஸ்டிக் அப்படித்தான் ஆகும். சூடான எஞ்சின் மேல் சொட்டுவது ஆவியாகிவிடுவதால் தரையில் ஒரு துளி இருக்காது, காய்ந்த படிவு மட்டும் இருக்கும்.

ஹெட் கேஸ்கெட்டுக்கும் டெஸ்ட் இருக்கிறது. டேங்க் வாயில் நீலத் திரவம் வைத்த குழாயைப் பொருத்தி எஞ்சினை ஓடவிட்டார். எரிந்த வாயு கூலன்ட்டில் கலந்திருந்தால் அது மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது, அதாவது ஹெட் கேஸ்கெட் போனதற்கான அறிகுறி இல்லை.

இன்னொரு கூத்து: டேங்கின் அடியில் பழுப்பாக ஏதோ சகதி. கசிவை அடைக்கும் லீக் ஸ்டாப் மருந்து! பில்லில் அந்தப் பேச்சே இல்லை. அது ஹீட்டரின் நுண்குழாய்களையும் அடைத்துவிட்டது. ஃப்ளஷ் செய்தும் ஹீட்டரில் சூடு சரியாக வரவில்லை. முதலில் விட்ட இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டால், "எங்க பசங்க போட்டிருக்க மாட்டாங்க." கழற்றிய ரேடியேட்டரைக் கேட்டேன், ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்.

முள் நடுவில் நிற்கிறதே என்றும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் வெப்பம் கணிசமாக ஏறி இறங்கினாலும் முள் அசையாதபடிதான் அமைத்திருக்கிறார்கள். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் மாட்டினால் நிஜ டிகிரி தெரியும். சூடாக இருக்கும்போது டேங்க் மூடியை மட்டும் தொடாதீர்கள். கழற்றும் எந்தப் பாகத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே ஜாப் கார்டில் எழுதி வாங்குங்கள்.