செல்ஃப் டிரைவ் கார் எடுக்கப் போகிறீர்களா? சீட்டில் உட்கார்ந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் "போய்த் தொலையட்டும்" என்று விட்டுவிடுவேன். அவர்களுக்கு வேண்டியதும் அதுதான். 8,500 ரூபாய். பணம் போனதைவிட, போன விதம்தான் வயிற்றெரிச்சல்.

யார் என்று கேட்காதீர்கள். சென்னையில் செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு விடும் ஓர் ஆப். பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தம்பி தடுக்கிறான், புகாரும் நிலுவையில் இருக்கிறது. அதனால் பெயர் வேண்டாம்.

திருநெல்வேலியில் சித்தி மகளுக்குக் கல்யாணம். முகூர்த்த மாதம், ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட் நகரவே இல்லை. எங்கள் வீட்டுக் கார் சின்னது. அம்மாவுக்கு டிஸ்க் பிரச்சினை, கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே காலை நீட்ட வேண்டும். அதனால்தான் செடான் தேடினேன். பின்னால் அம்மா ஒருக்களித்துப் படுத்துக்கொள்ளலாம், டிக்கியில் சீர்ச் சாமான் போகும்.

ஓட்டப்போவது நான். என் உயரம் 5 அடி. குள்ளமாக இருப்பவர்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் தெரியும். சீட்டை உயர்த்த முடியாத வண்டியில் க்ளட்ச் எட்ட வேண்டுமானால் சீட்டை முன்னால் தள்ள வேண்டும். தள்ளினால் நெஞ்சு ஸ்டியரிங்கை இடிக்கப் போகும். நெஞ்செலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும் என்பார்கள், ஏர்பேக் வெடித்து விரிய அந்த இடம் தேவை. பின்னால் தள்ளினால் கால் எட்டாது, பானெட்டும் சரியாகத் தெரியாது. இடுப்பு முட்டியைவிடத் தாழ்ந்துவிட்டால் கீழ் முதுகின் வளைவு தட்டையாகி, முழுப் பாரமும் டிஸ்க்கில் இறங்கும். கடைத்தெருவுக்குப் போய்வரத் தாங்கும். சென்னையிலிருந்து நெல்லை 600 கிலோமீட்டருக்கு மேல்.

அதனால்தான் அடிப்படை மாடல் வேண்டாம் என்று, 3,500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து டாப் மாடல் போட்டேன். டிரைவர் சீட்டை உயர்த்தும் வசதி, ஏற்றி இறக்கும் ஹெட்ரெஸ்ட், பின் சீட்டில் ஆர்ம்ரெஸ்ட் எல்லாம் உண்டு என்று ஆப்பில் டிக் போட்டுக் காட்டியிருந்தார்கள். அதோடு விடாமல் போன் செய்தும் கேட்டேன். "கண்டிப்பா டாப் மாடல்தான் மேடம் வரும், சீட் ஹைட் அட்ஜஸ்ட் இருக்கும்" என்றது ஒரு பெண் குரல். டெபாசிட் 5,000. வாடகை தனி.

வண்டி வந்தது விடியற்காலை நாலரை மணிக்கு. தெருவிளக்கு எரியவில்லை. அம்மா பைகளோடு கேட்டருகே நிற்கிறாள். கொண்டுவந்த பையன் நல்ல பையன், அவன்மேல் எனக்குக் கோபமில்லை. செல்போன் டார்ச்சில் முன்னால், பின்னால், இடம், வலம் என்று நாலு படம் எடுத்தான். ஆப்பில் அந்த நாலுக்குத்தான் இடமே இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தேன், பளபளவென்று புது ரெக்ஸின் வாசனை. "சீட் கவர் நேத்துதான் போட்டதுக்கா, பிரிக்கக்கூட இல்ல பாருங்க" என்று சீட்டைத் தட்டிக் காட்டினான். பிளாஸ்டிக் உறைகூட ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. "ஓடிபி சொல்லுங்கக்கா, அடுத்து வேளச்சேரில ஒரு டெலிவரி இருக்கு." சொன்னேன். அந்த நாலு எண்ணைச் சொன்ன நொடியில் "வண்டி நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று நான் ஒப்புக்கொண்டதாக அர்த்தமாம். இது எனக்குத் தெரிந்தது பிறகுதான்.

பெருங்களத்தூர் தாண்டியதும் சீட்டை உயர்த்தலாம் என்று வலது கையைக் கீழே விட்டுத் துழாவினேன். சாய்மானத்துக்கான லீவர் இருக்கிறது. அதற்கு முன்னால் உயர்த்தும் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று வெறும் பிளாஸ்டிக். ஹெட்ரெஸ்ட்டைப் பிடித்து இழுத்தால் வரவில்லை, சீட்டோடு சேர்ந்தே தைத்தது. அடிப்படை மாடலை அனுப்பிவிட்டு டாப் மாடலுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள்.

சரி, எப்படியோ சமாளிப்போம் என்று ஓட்டினேன். பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் சாலையில் வரிவரியாக மேடு போட்டிருப்பார்களே, அதில் ஏறியதும் முதுகுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். சாய்மானம் ஒரு பல் பின்னால் இறங்கிவிட்டது. இழுத்துச் சரிசெய்தேன். ஆத்தூர் சுங்கச்சாவடியில் மறுபடி டக். வேகமாகப் போகும்போது சாய்மானம் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? உடம்பு பின்னால் சரியும், கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்து இழுக்கும். பக்கத்து லேனில் லாரி. அம்மா பின்னாலிருந்து "முருகா" என்றாள். இதை "சீட் கம்ஃபர்ட்" என்று பேசுகிற ஆட்களை என்ன சொல்வது?

விக்கிரவாண்டியில் ஓர் ஓட்டலில் நிறுத்தி, பின்பக்கம் கவரின் ஒட்டுப்பட்டையைப் பிரித்துத் தூக்கிப் பார்த்தேன். புது ரெக்ஸினுக்குள்ளே தொய்ந்த கயிற்றுக் கட்டில் மாதிரி கிடந்தது சீட். ஸ்பாஞ்ச் நடுவில் கிழிந்து குழி, அந்தக் குழியில் மடித்துச் செருகிய கோணிச் சாக்கு, அதன்மேல் நாலாக மடித்த பழைய தினசரி. ஓரத்தில் ஸ்பிரிங் கம்பி ஒன்று அறுந்து மேலே நீட்டிக்கொண்டிருந்தது. கவரைப் புதிதாகப் போட்டது அழகுக்கு இல்லை, மறைக்க. படம் எடுத்து உடனே கஸ்டமர் கேர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இந்தப் படத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் "உங்கள் டிக்கெட் பதிவு செய்யப்பட்டது" என்று ஒரு தானியங்கிப் பதில். அப்புறம் போனில் ஒருவர். "ஸேம் கேட்டகரி வண்டிதான் மேடம், டெர்ம்ஸ்ல 'அதே வகை அல்லது இணையானது'ன்னு இருக்கு பாருங்க." சரி, நான் கட்டிய 3,500 எதற்கு? "அது புக்கிங் டீம் மேடம்." புக்கிங் டீமைக் கேட்டால் "வண்டி டெலிவரி ஆயிடுச்சே, ஆபரேஷன்ஸ் டீம்தான்." வேறு வண்டி மாற்றித் தாருங்கள் என்று திருச்சி நெருங்கும்போது கேட்டேன். சமயபுரம் சுங்கச்சாவடி ஓரம் நின்றுகொண்டு, இடுப்பிலிருந்து ஆடுசதை வரை வலது கால் மரத்துப் போய், கேட்டேன். பதில் என்ன தெரியுமா? "திருச்சியில எங்களுக்கு ஹப் இல்ல மேடம். சென்னைக்குத் திரும்பி வந்தீங்கன்னா மாத்தித் தர்றோம்." 300 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டுமாம், வண்டி மாற்ற!

அம்மாவின் தலையணையை முதுகுக்கு வைத்து, துண்டைச் சுருட்டி இடுப்புக்குக் கொடுத்து, அடிக்கடி நிறுத்தி நிறுத்தி ஓட்டினேன். விராலிமலை, மேலூர், மதுரை எப்படிக் கடந்தது என்றே தெரியாது. சாத்தூரில் காராச்சேவு வாங்காமல் அம்மா ஊருக்குப் போனதே இல்லை. அன்றைக்கு அவளே "நேரா போ, எறங்குனா ஒனக்கு மறுபடி ஏற முடியாது" என்றுவிட்டாள்.

நெல்லையில் குஷன் வேலை செய்கிற கடை ஒன்றுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அங்கிருந்த அண்ணாச்சி லீவரை ஆட்டிப் பார்த்து, கீழே குனிந்து டார்ச் அடித்தார். "இது இன்னைக்கு நேத்து ஒடஞ்சது இல்ல பாத்துக்கிடுங்க. சாய்மானத்தப் புடிச்சு நிறுத்துற ரிக்ளைனர்ல பல்லு தேஞ்சுபோயி துருவே ஏறியிருக்கு. வண்டிக்காரன் தெரிஞ்சேதான் குடுத்துருக்கான்மா." சரி செய்யட்டுமா என்று கம்பெனியைக் கேட்டேன். "எங்க அனுமதி இல்லாம வெளி ஆள் கை வச்சா டெபாசிட் போயிடும் மேடம்." அனுமதி கொடுங்கள் என்றால், மேனேஜர் லீவு. அதே சீட்டில்தான் சென்னைக்கும் திரும்பினேன்.

வண்டியை ஒப்படைத்த மறுநாள் மெசேஜ் வந்தது. "டிரைவர் சீட் கவர் பிரிப்பு, ரிக்ளைனர் சேதம். டெபாசிட் 5,000 பிடித்தம்." ஆதாரம் என்று ஒரு படமும் இணைத்திருந்தார்கள். விக்கிரவாண்டியில் நான் எடுத்து நானே அனுப்பிய அதே படம்! வண்டி ஓட்ட லாயக்கில்லை என்று புகார் சொல்ல அனுப்பிய படத்தை, நான் உடைத்ததற்குச் சாட்சியாக வைத்திருக்கிறார்கள். துருவும் நான்தான் ஏற்றினேனா? சாக்கும் நான்தான் செருகினேனா? கேட்டால் "டெலிவரி டைம்ல எடுத்த போட்டோவுல சீட் டேமேஜ் இல்ல மேடம்." டெலிவரி நேரத்தில் எடுத்த நாலு படத்தில் சீட்டே இல்லையே ஐயா! "அதனாலதான் மேடம் டேமேஜ் இல்லன்னு எடுத்துக்கறோம்." இந்தப் பதிலைச் சொன்ன மனிதர் குரலில் ஒரு தடுமாற்றம்கூட இல்லை.

இல்லாத வசதிக்கு 3,500, உடைக்காத சீட்டுக்கு 5,000. ஆக 8,500. பிசியோதெரபிக்குக் கொடுத்துக்கொண்டிருப்பது தனிக் கணக்கு.

எதையெதைப் பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இவ்வளவு நேரம் உட்கார்ந்ததிலேயே இடுப்பு கெஞ்சுகிறது. அவசியமானதை மட்டும் சொல்கிறேன். ஓடிபி சொல்லும் முன் டிரைவர் சீட்டில் உட்காருங்கள். சாய்மானத்தில் முதுகை வைத்து நன்றாக உந்துங்கள், இறங்கினால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். க்ளட்ச்சைக் கடைசிவரை மிதித்தாலும் முட்டி கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். புது சீட் கவர் என்றால் சந்தேகப்படுங்கள், கையால் அழுத்தி, தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது வீடியோ எடுங்கள், கொண்டுவந்த ஆளும் அதில் தெரியட்டும். சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சின்ன லேபிள் இருந்து அதை மூடிக் கவர் போட்டிருந்தால் அந்த வண்டியே வேண்டாம். நம்பர் பிளேட் கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்க வேண்டும், வெள்ளை பிளேட் வண்டியை வாடகைக்கு எடுக்காதீர்கள்.

ஆன்லைனில் சேவை விற்கிறவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் வருட மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் போட்டாயிற்று. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை அங்கே கட்டணம்கூட இல்லை. அண்ணாச்சியிடம் எழுதி வாங்கித் தரச் சொல்லி சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். 8,500 திரும்பி வந்தால் இங்கேயே வந்து சொல்கிறேன், வராவிட்டாலும் சொல்வேன்.