வால்பாறைக்கும் பல்லடத்துக்கும் ஒரே கலர்பார்

வால்பாறை, பல்லடம் இரண்டும் நம் கொங்குச் சீமைதான். ஒன்று தென்மேற்குப் பருவமழையில் மாசக்கணக்கில் ஊறிக் கிடக்கும். மற்றது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் காற்றாலைகள் சுழல, ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும். இரண்டு ஊரின் 30 வருட மாத மழையையும் மேட்பிளாட்லிப்பில் (பைத்தானில் படம் வரையும் நூலகம்) பக்கம் பக்கமாக நிறக் கட்டங்களாக வரைந்தேன்: மாதத்துக்கு ஒன்றாக 12 வரிசை, வருடத்துக்கு ஒன்றாக 30 பத்தி. படம் சீக்கிரம் வந்துவிட்டது. எந்த நிறம் எவ்வளவு மழை என்று காட்டும் பட்டையான கலர்பாரைப் பொருத்தத்தான் இரண்டு ராத்திரி ஆனது.

சாதாரணமாக ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கலர்பார் போட்டால், இம்ஷோ (எண் அட்டவணையை நிறப் படமாக வரையும் கட்டளை) ஒவ்வொரு செல்லையும் சதுரமாக வைப்பதால் படம் குட்டையாகிவிடும், கலர்பார் பனைமரம் மாதிரி நிற்கும். எல்லோரும் சொல்லும் ஃபிராக்‌ஷன் (கலர்பாருக்கு ஒதுக்கும் பங்கு) 0.046, பேட் (இடைவெளி) 0.04 சதுரப் படத்துக்குச் சரி. என் படத்துக்கு அந்த 0.046-ஐ 12/30 ஆல் பெருக்க வேண்டியிருந்தது.

அடுத்தது மேக் ஆக்சஸ் லொகேட்டபிள் என்ற கருவி. கலர்பார் படத்தின் வலப்பக்கம் 5% அகலத்தில் ஒட்டிக்கொள்ளும், உயரம் அப்படியே பொருந்தும். ஒற்றைப் படம் என்றால் இன்றைக்கும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் பழைய பழக்கத்தில் பிஎல்டி.டைட்டில் என்று அடித்தேன்; அது நடப்பு அச்சுக்கு (படம் வரையும் சட்டத்துக்கு) தலைப்பு போடும் கட்டளை. 'பல்லடம்' என்ற தலைப்பு அந்த ஒல்லிக் கலர்பாரின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடைசியாக உருவான அச்சுதானே நடப்பு அச்சு! எந்த அச்சு என்று பெயர் சொல்லி ஏஎக்ஸ்.செட்_டைட்டில் என்று எழுதியிருந்தால் வம்பே இல்லை.

இந்த இரண்டையும் கைவிட வைத்தவர் எங்கள் பெரியப்பா. படத்தைப் பார்த்ததும், "ஏங்கண்ணு, பல்லடத்துல எந்தக் காலத்துல இத்தன மழ பேஞ்சுது?" என்றார். தனித்தனிக் கலர்பார், தனித்தனி அளவுகோல். இரண்டு ஊரிலும் அதிக மழைக்கு ஒரே கருநீலம். மில்லிமீட்டர் எண்ணை யார் படிக்கிறார்கள்?

அதனால் லேஅவுட்டை (படங்களுக்கு இடம் ஒதுக்கும் முறையை) தானாகவே இடம் பங்கிடும் 'கன்ஸ்ட்ரெய்ன்ட்' என்று வைத்து, இரண்டு அச்சுகளையும் பட்டியலாகக் கொடுத்து ஒரே கலர்பார் போட்டேன். இதில் ஒரு பொறி: கலர்பார் ஒன்றானதால் அளவுகோல் ஒன்றாகிவிடாது. விமின், விமேக்ஸ் (அளவுகோலின் கீழ், மேல் எல்லைகள்) இரண்டையும் இரண்டு படத்துக்கும் ஒன்றாகக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கலர்பார் ஒரு ஊருக்கு மட்டும்தான் உண்மை பேசும். மழைக்குச் சதுரச் செல் எதற்கு என்று ஆஸ்பெக்ட்டை (செல்லின் உயர-அகல விகிதத்தை) 'ஆட்டோ' ஆக்கியதும் உயரப் பிரச்சினையும் போனது. சதுரம் வேண்டும் என்பவர்களுக்கு மேட்பிளாட்லிப் 3.6 பதிப்பிலிருந்து 'கம்ப்ரஸ்ட்' லேஅவுட் இருக்கிறது.

வால்பாறை மழைக்கு ஏற்ற அளவுகோல் என்பதால் இப்போது பல்லடம் வெளிறிப் போனது. லாக் அளவுகோல் போட்டால் மழையே இல்லாத மாதங்கள் வெற்றிடமாகிவிடும், பூஜ்யத்துக்கு லாக் கிடையாதே. மதிப்பை அடுக்காக மாற்றி நிறம் கொடுக்கும் பவர்நார்மை 0.5 (வர்க்கமூலம்) என்று வைத்தேன், ஐப்பசியும் கார்த்திகையும் தெரிந்தன.

போன வாரம் ஈரோட்டையும் சேர்த்தேன். பக்கம் பக்கமாக நிற்கும் படங்களின் எண்ணிக்கையை 2-லிருந்து 3 ஆக்கியதோடு சரி, கலர்பார் தானாக ஒதுங்கிக்கொண்டது. முதல் வழியில் போயிருந்தால் மறுபடி 0.046 கணக்குதான். மாவட்ட எல்லையெல்லாம் வரும் நிலவரைபடங்களில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை. அங்கேயும் இதுவேதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.