வேரியேஷன் பட்டனும் ததிகிணதொம்மும்

ஒரு குரூவ்பாக்ஸின் (ரிதமும் பேஸும் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டும் சின்ன மின்னணுக் கருவி) விலை குறைந்திருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். எந்த குரூவ்பாக்ஸ் என்று அவருக்குத் தெரியும், பிராண்டு பெயரை இங்கே இழுக்க வேண்டாம். எட்டு ட்ராக், 16 பேட், யூஎஸ்பி பவர் எல்லாம் வழக்கமானதுதான். சில வருடங்களாக என் பாட்டுகளுக்கு ரிதமும் பேஸும் இதில்தான் போடுகிறேன்.

முதலில் அந்த வேரியேஷன் பட்டன். அதை சேவ் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியவில்லை. அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் பேட்டர்னில், அதாவது நாம் போட்டுவைத்த தாள அமைப்பில், எங்கேயாவது நாலு அடியைச் சேர்க்கும், நாலு அடியைத் தூக்கும். கிக்கையும் (தாளத்தைத் தாங்கும் பெரிய ட்ரம் அடி) விட்டுவைக்காது. பல்லவியின் முதல் அடியில் கிக் காணாமல் போனால், பாடுகிறவர் எதைப் பிடித்துக்கொண்டு நுழைவார்? சரி, பிடிக்கவில்லை, பழையபடி வேண்டும் என்றால் அன்டூ கிடையாது. அப்டேட் வரும்போதெல்லாம் புது ட்ரம் சத்தம் தருகிறார்கள். அன்டூ மட்டும் வரவே இல்லை.

கீர்த்தனையில் சங்கதி போடுகிறவர்கள், அதாவது ஒரே வரியை விதவிதமாக மெருகேற்றிப் பாடுகிறவர்கள், வரி முழுவதையும் கலைப்பதில்லை. எடுக்கும் இடம் அதேதான், வந்து சேரும் இடமும் அதேதான். நடுவில்தான் வேலை நடக்கும், அதுவும் ஒவ்வொரு சங்கதியிலும் கொஞ்சம் கொஞ்சமாக. எது அசையக் கூடாது என்பது இந்தப் பட்டனுக்குத் தெரியாது. பெயர்தான் வேரியேஷன், நடப்பது குலுக்கல்.

ஆனால் மெனுவுக்குள் புதைந்து கிடக்கும் இன்னொரு வசதி இருக்கிறதே, அதற்காக இவர்களை மன்னித்துவிடலாம் போலிருக்கும். ஒரு சுற்று என்பது ஒரு பார், அதில் 16 ஸ்டெப், அதாவது 16 சம இடங்கள். ஒவ்வொரு ஸ்டெப்பும் எத்தனையாவது சுற்றில் ஒலிக்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லலாம். நான் செய்வது இதுதான்: கிக்கைத் தொடுவதில்லை. தனி ட்ராக்கில் மிருதங்கச் சத்தம் வைத்து, இரண்டாவது ஸ்டெப்பிலிருந்து ததிகிணதொம் என்ற ஐந்தடிச் சொல்லை மூன்று முறை போடுவேன். ஐந்து மூன்று பதினைந்து, ஆக சரியாக 16-ஆவது ஸ்டெப்பில் முடிந்து, அடுத்த சுற்றின் முதல் அடியில் கிக்கோடு போய் இறங்கும். அந்த 15 அடியும் நாலாவது சுற்றில் மட்டும் என்று வைத்துவிட்டால், நாலு பார் வரி முடியும் இடத்தில் தானாகத் தீர்மானம் (மூன்று முறை சொல்லி முடிக்கும் தாள முத்தாய்ப்பு) விழும். முதல் தடவை இது ஓடியபோது எழுந்து நின்றுவிட்டேன்.

அதே லூப்தான், அரைமணி நேரம் கேட்டாலும் அலுக்காது. சரணத்துக்கு அந்த ட்ராக்கை மியூட் செய்துவிட்டு, ஹை-ஹேட்டில் ஒன்றுவிட்டு ஒரு அடியின் வெலாசிட்டியை, அதாவது அடியின் பலத்தை, 100-லிருந்து 45-க்கு இறக்கினால் போதும். ஒரு சுரம்கூட மாற்றாமல் வேறு பகுதிக்கு வந்த மாதிரி இருக்கும். ஸ்விங்கும் (ஒன்றுவிட்டு ஒரு அடியைச் சற்றுத் தள்ளிப் போடுவது) நன்றாக இருக்கிறது. 50 என்றால் நேர் நடை, 66-க்குப் பக்கம் போனால் மூன்றின் நடை. எனக்கு 54 போதும்.

ட்ராக் நீளத்தைத் தனியாக மாற்றும் வசதியைப் பற்றி ஆளாளுக்குப் புகழ்கிறார்கள். 12 ஸ்டெப் பேஸை 16 ஸ்டெப் ட்ரம்மோடு ஓட்டினால் மூன்று பாருக்கு ஒருமுறைதான் இரண்டும் சேரும். கேட்க அழகுதான். ஆனால் பாட்டு வரி நாலு பார் என்றால், இரண்டாவது வரி தொடங்கும்போது பேஸ் வேறு எங்கோ நிற்கும். வரிக்கு வரி அதைத் திரும்ப முதலுக்குக் கொண்டுவர இதில் வழி இல்லை. பின்னணி இசைக்குச் சரி, பாட்டுக்கு உதவாது.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். லேப்டாப் இருந்தால் ஏபிள்டன் லைவ் 11 என்ற இசை மென்பொருளிலேயே ஒவ்வொரு சுரத்துக்கும் அது ஒலிக்கும் வாய்ப்பை வைக்கலாம், அன்டூவும் உண்டு. விலை பாதியானாலும் நான் சொல்வது இதுதான். என்னுடையதைக் கேட்டு மட்டும் வராதீர்கள், கொடுக்க மாட்டேன். அந்த வேரியேஷன் பட்டன் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.