‘ட்ரவுட் செட்’ வாங்கலாமுங்களா? ஒரு தூண்டில் காம்போவைப் பிரித்துப் பார்த்தால்

ஆன்லைனில் ‘ட்ரவுட் ஃபிஷிங் செட்’ என்று தேடினால் வருவது பெரும்பாலும் ஒரே சரக்குதான். பை மேல் ஒட்டியிருக்கும் பெயர்தான் ஆளுக்கு ஆள் மாறும். மடக்கினால் பயணப் பைக்குள் அடங்கும் டெலஸ்கோபிக் ராடு, ஒரு ரீல், ரீலிலேயே சுற்றி வரும் நரம்பு, பிளாஸ்டிக் டப்பாவில் ஸ்பின்னர் (இழுத்தால் தகடு சுழலும் போலி இரை), ரப்பர் புழு, முள், ஈயக்குண்டு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி நிற்கும். விளம்பரப் படத்தில் மலை ஓடையும் அங்கே வாழும் வானவில் ட்ரவுட் மீனும் இருக்கும். கோவை, திருப்பூர், ஈரோட்டிலிருந்து சனி ஞாயிறு கூடாரம் அடித்துத் தூண்டில் போடக் கிளம்புகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். பவானிக் கரையில் தக்கை கட்டி ஜிலேபி மீன் பிடிக்க இது தாராளம். ஓடை ட்ரவுட்டுக்கு வேலைக்கு ஆகாது. ரீலை வைத்துக்கொள்ளலாம், ராடை மாற்ற வேண்டும், நரம்பைக் கழற்றிக் குப்பையில் போட வேண்டும்.

முதலில் ராடு. கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் எறியும் எடை அச்சிட்டிருக்கும். இந்த ரக செட்டுகளில் அது 10–30 கிராம் என்றுதான் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேல். ஓடையில் ட்ரவுட்டுக்குப் போடுவது 0 எண் அல்லது 1 எண் ஸ்பின்னர், எடை 2 முதல் 4 கிராம். முப்பது கிராமுக்குச் செய்த கம்பு மூன்று கிராமுக்கு வளையாது. பின்னால் சாய்க்கும்போது நுனி வளைந்து, முன்னால் வரும்போது அந்த வளைவு விடுபட்டால்தான் லூர் (போலி இரை) பறக்கும். வளையாத கம்பில் எறிவதும் கையால் கல் எறிவதும் ஒன்று: எட்டுப் பத்து மீட்டரில் சொத்தென்று விழும், எங்கே விழும் என்பதும் நம் கையில் இருக்காது.

தூரம் போகவில்லை என்று பலர் லூருக்கு மேலே ஈயக்குண்டு சேர்ப்பார்கள். அங்கேதான் கெடுகிறது. முழங்கால் ஆழ ஓடையில் அந்த எடை ‘தொப்’பென்று விழுந்தாலே அந்தக் குழியில் இருக்கும் மீன் எல்லாம் பாறைக்கடியில் போய்விடும். போகாவிட்டாலும், ஸ்பின்னர் சுழலத் தொடங்குவதற்குள் ஈயம் அடியில் இறங்கிக் கல்லில் மாட்டும். விறைத்த கம்புக்கு இன்னொரு குறையும் உண்டு. ட்ரவுட் திடீரென்று தலையை உதறும்போது நுனி விட்டுக்கொடுக்காது, முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

டெலஸ்கோபிக் அமைப்பே மோசம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது வசதிதான், திறக்கிற முறை தெரிந்தால் போதும். நுனித் துண்டை முதலில் இழுத்து, வளையங்களை ஒரே நேர்கோட்டில் வைத்து, லேசாகத் திருகி இறுக்கி, ஒவ்வொன்றாகக் கீழே வர வேண்டும். மடக்கும்போது தலைகீழ்: கைப்பிடிக்கு அடுத்த தடித்த துண்டு முதலில். ஆற்று மணல் ஒரு துளி இணைப்பில் புகுந்தாலும் துண்டுகள் கடித்துக்கொள்ளும். குறடு போட்டுத் திருகினால் ஃபைபர் நொறுங்கும். ராடை நேராக நிறுத்தி, அடிப்பக்கத்தை ஒரு மரப்பலகை மேல் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் விடும். அடி மூடி திருகு வகையாக இருந்தால் காசு வைத்துக் கழற்றி, உள்துண்டுகளை உருவி, நல்ல தண்ணீரில் அலசிக் காய வைப்பது இன்னும் நல்லது.

வந்தவுடன் பார்க்க வேண்டிய இடம் நுனி வளையம். காது குடையும் பஞ்சுக்குச்சியை அதனுள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு நூல் எங்காவது பிடித்து இழுபட்டால் உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் கீறல் என்று அர்த்தம். அந்தக் கீறல் நரம்பைச் சிறுகச் சிறுக அறுக்கும். ‘பெரிய மீன் அறுத்துக்கொண்டு போய்விட்டது’ என்கிற கதைகளில் பாதி இதனால்தான்.

ரீல் பரவாயில்லை. பெட்டியில் ‘12+1 பேரிங்’ என்று போட்டிருப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். கைப்பிடியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் திருப்பி அனுப்பலாம். 2000, 3000 அளவு ரீல் ஓடைக்குக் கொஞ்சம் கனம். 1000 அளவு கையில் லேசாக நிற்கும். ஆனாலும் இதற்காக மட்டும் புதிதாக வாங்கத் தேவையில்லை. முக்கியம் டிராக், அதாவது மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி. நரம்பின் தாங்குதிறனில் கால் பங்குக்கு வைப்பது வழக்கம். 6 பவுண்டு நரம்பு என்றால் சுமார் 2.7 கிலோ, அதில் கால் பங்கு 700 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. காய்கறி நிறுக்கும் தொங்கு தராசின் கொக்கியில் நரம்பைக் கட்டி, ராடைச் சாய்த்து இழுத்தால் அளவு தெரியும். இழுக்கும்போது வழுவழுவென்று விட வேண்டும். விட்டு விட்டு வந்தால் ஸ்பூல் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) மேல் திருகுக்கு அடியில் இருக்கும் வாஷர்கள் வறண்டிருக்கின்றன. துளி டிராக் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் சரியாகும்.

இன்னொரு பழக்கம். எறிந்த பிறகு பெயில் கம்பியை, அதாவது நரம்பைப் பிடித்து ஸ்பூலில் சுற்றும் வளைகம்பியை, கையால் மடக்குங்கள். கைப்பிடியைச் சுற்றி ‘டக்’கென்று மூடினால் ஸ்பூலில் ஒரு தளர்ந்த வளையம் உட்காரும், நாலாவது ஐந்தாவது வீச்சில் நரம்பு கொத்தாக வெளியே வரும். மலிவு ரீலில் பெயில் ஸ்பிரிங் சீக்கிரம் போவதற்கும் அப்படி மூடுவதுதான் காரணம்.

செட்டோடு வரும் நரம்பைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. தடிமன் 0.30 மி.மீ.க்கு மேல். பல மாதம் ஸ்பூலில் கிடந்து சுருள் பிடித்திருக்கும், தண்ணீரில் போட்டாலும் பிரியாது. அதை உருவிவிட்டு 0.18 அல்லது 0.20 மி.மீ. மோனோ நரம்பு 100 மீட்டர் சுற்றுங்கள். ஈரத்துணியால் பிடித்து இழுவை கொடுத்துச் சுற்றி, ஸ்பூல் விளிம்புக்கு 2 மி.மீ. கீழே நிறுத்த வேண்டும். அதற்கு மேல் நிரப்பினால் கொத்துக் கொத்தாய் வழியும், குறைத்தால் வீச்சு சுருங்கும். இருபது சுற்று ஆனதும் நரம்பைத் தளர்த்திப் பாருங்கள். தானாக முறுக்கிக்கொண்டால் புது நரம்பு உருளையைத் திருப்பிப் போட்டு, மறுமுகம் மேலே இருக்கும்படி வைத்துத் தொடர வேண்டும்.

டப்பாவில் இருக்கும் ஸ்பின்னர்களை ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துச் சோதியுங்கள். தகடு சுழலாமல் கம்பியோடு ஒட்டியே வருபவை நிறைய இருக்கும். சுழல்பவற்றுக்கும் மேலே ஒரு சின்ன ஸ்விவல் (முறுக்கேறாமல் தானே சுழலும் இணைப்பு) கட்டாயம், 10 அல்லது 12 எண். அது இல்லாவிட்டால் அரை நாளில் நரம்பு முழுக்க முறுக்கேறிவிடும். மும்முனை முள்ளின் நுனிக் கொண்டிகளைக் குறடால் நசுக்கிவிட்டால் மீனை அதிகக் காயமில்லாமல் விடலாம், நம் விரலில் ஏறினாலும் எடுக்கலாம். ஈயக்குண்டுகளும் தக்கையும் உருப்படியானவை.

முடிச்சு எளியதே போதும். நரம்பை ஸ்விவல் கண்ணில் நுழைத்து, தன் மேலேயே ஐந்தாறு சுற்று, கண்ணை ஒட்டிய சிறு இடைவெளியில் நுனியை விட்டு, அப்போது உண்டான பெரிய வளையத்துக்குள்ளும் ஒருமுறை விட்டு, எச்சில் தொட்டு மெதுவாக இறுக்குவது. உலர்ந்தபடி இறுக்கினால் உராய்வுச் சூட்டில் நைலான் அந்த இடத்திலேயே பலம் இழக்கும்.

அப்படியானால் ட்ரவுட்டுக்கு என்ன வாங்குவது? 1.8 மீட்டர், இரண்டு துண்டு, எறியும் எடை 1–7 அல்லது 2–8 கிராம் என்று போட்ட அல்ட்ராலைட் ராடு ஒன்று. செட் ரீலையே மாட்டிக்கொள்ளலாம். 0 எண், 1 எண் ஸ்பின்னர் நல்ல தரத்தில் நாலைந்து போதும், வெள்ளி நிறம் பாதி, செம்பு நிறம் பாதி. இரண்டு துண்டு ராடு ஒரு மீட்டருக்குள் மடங்கும். பிளம்பிங் கடையில் இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய் வாங்கி இருபக்கமும் மூடி போட்டால் பஸ் கேரியரில் போட்டாலும் உடையாது.

ஓடையில் நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி நடந்து, அதே திசையில் எறிய வேண்டும். ட்ரவுட் நீரோட்டத்தைப் பார்த்துத்தான் நிற்கும். பின்னாலிருந்து போனால் நம்மைக் காணாது. பாறைக்குப் பின்னால் நீர் தணிந்து சுழலும் இடத்துக்கு ஒரு கஜம் மேலே ஸ்பின்னரை விழவிட்டு, ஓட்டத்தைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்ற வேண்டும். தகடு சுழலும் அதிர்வு நுனியில் தெரியும். அந்த அதிர்வு நின்றால் ஒன்று பாசி, இல்லையென்றால் மீன்.

இனி இடம். ட்ரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் அதற்குத் தாங்காது. ஆகவே நொய்யல், அமராவதி, சமவெளிப் பவானி எதிலும் கிடையாது. நமக்குக் கிட்டத்தில் இருப்பது நீலகிரி மேட்டில் அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானிப் பக்கம். 1860களில் மீன் ஆய்வாளர் ஃபிரான்சிஸ் டே அங்கே ட்ரவுட்டைக் கொண்டுவர முயன்று பலிக்கவில்லை. பிறகு மீன்வளர்ப்பு நிபுணர் எச்.சி. வில்சன் காலத்தில், 1907இல், அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைந்தது. இன்று அங்கே நிலைத்திருப்பது வானவில் ட்ரவுட். அந்த நீர்நிலைகள் பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள் அல்லது அதை ஒட்டி இருக்கின்றன. மீன்வளத்துறை, வனத்துறை இரண்டிடமும் எழுத்தில் அனுமதி கையில் வராமல் ராடைக் கட்ட வேண்டாம். காட்டு நிலத்தில் கூடாரம் என்ற பேச்சே இல்லை. பட்டா நிலத்தில், தோட்டக்காரரிடம் கேட்டுத்தான். நீலகிரிக்குள் போகும் வண்டிக்கு இ-பாஸ் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச்சாவடியில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டுபோங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கம் திட்டமே போட வேண்டாம். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. டிசம்பர், ஜனவரியில் ஓடை தெளிந்திருக்கும், ஆனால் விடியற்காலையில் உறைபனி. சில செட்டுகளோடு சலுகையாகத் தரும் ஒற்றைத் துணிக் கூடாரம் அந்தக் குளிருக்கு உதவாது: மூச்சுக்காற்று உட்பக்கம் குளிர்ந்து தலையணை மேல் சொட்டும். உள்துணி, மேல்துணி தனித்தனியாக இருப்பதை எடுங்கள். அடுப்பிலும் ஒரு சிக்கல். வெறும் பியூட்டேன் கேன் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியாகாது, தீ சோம்பிப் போகும். புரொப்பேன் கலந்த கேன் வாங்குங்கள், அல்லது இரவில் கேனைப் போர்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நம்ம அரிசியும் பருப்பும் சாதத்தைவிடச் சௌகரியம் வேறில்லை, ஒரே பாத்திரம். ஆனால் இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகாமல் கல்லாக நிற்கும். சின்ன குக்கர் கட்டாயம். இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் பருப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர். பருப்பை மட்டும் அரைமணி முன்னால் ஊறப்போட்டு, சமவெளியில் வைப்பதைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.

அனுமதி கிடைக்காதவர்கள் செட்டை அப்படியே எடுத்துக்கொண்டு பவானிக் கரைத் தோட்டம் ஒன்றில் தங்கலாம். அங்கே அந்த விறைத்த ராடு குறையாகவே தெரியாது. தக்கை, அதற்குக் கீழே இடுப்பளவு நரம்பு, 10 எண் முள், முள்ளுக்கு ஒரு ஜாண் மேலே ஒற்றை ஈயக்குண்டு. கடலைப் புண்ணாக்குத் தூளும் மைதாவும் சரிபாதி கலந்து, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் கெட்டியாகப் பிசைந்து, சுண்டைக்காய் அளவு உருட்டிக் குத்துங்கள். தக்கை நடுங்கும்போது இழுக்காமல், சாய்ந்து நகரும்போது இழுக்க வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கம் ஆற்றுக்குள் இறங்கி நின்று எறியவே கூடாது: மேலே பில்லூர் அணையில் தண்ணீர் விட்டால் சொல்லாமல் கொள்ளாமல் ஏறும், வெயில் காய்கிற நாளிலும்கூட. அமராவதி அணைப் பக்கம் முதலை உண்டு, அங்கே தண்ணீரோரம் உட்கார்வதும் வேண்டாம். அணைகளில் மீன்பிடி உரிமை தனி, கேட்காமல் தூண்டில் போட்டால் வம்புதான்.

காம்போவே வாங்குவதென்றால், வந்த அன்றே கவரைக் கிழிக்காமல் பிரித்து, எறியும் எடை எழுத்தையும் நுனி வளையத்தையும் ரீல் ஆட்டத்தையும் பார்த்து, போட்டோ எடுத்துவிடுங்கள். மணல் பட்ட ராடை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். பெயர் தெரியாத ரீல்களுக்கு பெயில் ஸ்பிரிங்கோ கைப்பிடித் திருகோ தனியாகக் கிடைப்பது அரிது. ஒன்று போனால் முழு ரீலும் போச்சு. இருநூறு முந்நூறு கூடப் போனாலும் பாகம் தருகிற கம்பெனி ரீலாகப் பார்த்து எடுப்பது மேல்.